மடை திறக்க ஒரு மச்சான்

1946, தை மாதம் ஐந்தாம் நாள், கண்மாய் மடை திறக்கவில்லை.

நரிக்குடிக்குத் தெற்கே இருந்த அந்த ஊரில் நாலு வருஷ வறட்சிக்குப் பிறகு அந்த மழைக்குத்தான் கண்மாய் நிரம்பியிருந்தது. மடை என்பது கரைக்கு அடியில் ஒரு கல் துவாரம். அதை மரக்கட்டையால் அடைத்திருப்பார்கள். ஒருவர் முங்கிப்போய்க் கட்டையை உருவ வேண்டும். வழக்கமாக முங்குகிறவர் வறட்சியிலேயே இறந்துவிட்டார். மழை நின்றுபோயிருந்தது. நெல் கதிர் வாங்கும் நேரம். கரைக்கு இந்தப் பக்கம் வயல் வெடித்துக் கிடந்தது. அந்தப் பக்கம் இரண்டு ஆள் ஆழம் தண்ணீர்.

எல்லோரும் இருளாண்டியைப் பார்த்தார்கள்.

இருளாண்டி தூத்துக்குடியில் இருந்துவிட்டு வந்தவன். சங்கு குளித்ததாகச் சொன்னான். கடலுக்கு அடியில் கல்லுத் தோப்பு இருக்கிறது, கிளை கிளையாகப் படர்ந்திருக்கிறது, சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கிறது, மீன்கள் அதில் குருவிகளைப்போல் அடைகின்றன என்றான். கண்மாய் வறண்டு கிடந்த வருஷங்களில் யாரும் இதை மறுக்கவில்லை.

அவன் பார்த்தது சுண்ணாம்பு சுடும் காளவாசல். கடலுக்குள் பவளப்பாறையை உடைத்து வள்ளத்தில் கொண்டுவருவார்கள். முழங்கால் தண்ணீரில் நின்று அதை வாங்கி, தலையில் சுமந்துபோய்க் காளவாசலில் கொட்டுவது அவன் வேலை. தோப்பை வெறும் வெள்ளைக் கல்லாகத்தான் அவனுக்குத் தெரியும். பூவும் மீனும் வள்ளத்துக்காரர்கள் சொன்னவை. நீச்சல் தெரியாது.

"ஏலே இருளாண்டி, கடலையே கலக்குனவன் நீ. இந்தக் குட்டை என்ன பெருசு? போயி உருவிட்டு வா" என்றார் நாட்டாமை சங்கையா.

இருளாண்டி தாடையைச் சொறிந்தான்.

"முங்கலாம் பெரியப்பா. ஆனா இடுப்புக் கயித்த மச்சான்தான் பிடிக்கணும். அங்க அதான் முறை. தங்கச்சி தாலிக்குப் பயந்து கைய விடமாட்டான். எனக்கு மச்சான் ஏது?"

"வேற ஆளு பிடிச்சா?"

"கடல்ல எவனும் முங்க மாட்டான் பெரியப்பா. நானும் மாட்டேன்."

நல்ல பதில் என்று அவனுக்கே தோன்றியது. சாயந்திரம்வரை தோன்றியது.

கூட்டத்தில் கோட்டைச்சாமி இருந்தான். அவனுக்கு மடையடியில் வயல் இருந்தது. கல்யாணமாகாத தங்கையும் இருந்தாள். அந்தத் தங்கை கருத்தம்மாளிடம் போய்க் கேட்டார்கள்.

"அந்தக் கல்லுத் தோப்புக்காரரா?" என்றாள் அவள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை அம்மன் கோயிலில் தாலி கட்டினான். மாலையைக் கழற்ற விடாமல் கரைக்கு அழைத்துப் போனார்கள். மேளம் முன்னால் போனது.

கோட்டைச்சாமி கிணற்றில் நீர் இறைக்கும் கமலைக் கயிற்றை மாப்பிள்ளையின் இடுப்பில் கட்டி, முடிச்சை இழுத்துப் பார்த்தான்.

"பயப்படாதீக மாப்ள. செத்தாலும் கயித்த விடமாட்டேன்."

"யாரு செத்தாலும், மச்சான்?"

"யாரு செத்தாலும்."

இருளாண்டி தண்ணீரில் இறங்கினான். கணுக்கால் நனைந்தது. முழங்கால் நனைந்ததும் நின்றான். அவனுக்குத் தெரிந்த கடல் அவ்வளவுதான். மேளமும் நின்றது.

கருத்தம்மாள் புதுச்சேலையை ஒதுக்கிக்கொண்டு, கரையிலிருந்து குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, அந்தக் கல்லுத் தோப்பு இம்புட்டுத் தண்ணியிலயா இருக்கும்?"