போக்குவரத்து இல்லாத பாதை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் தலைக்குள்ளிருந்து வரவில்லை. தலைமேல் மாட்டிய ஹெல்மெட்டிலிருந்து வந்தது. அது இலவச ஹெல்மெட். அதற்குக் கைம்மாறாக ஒரு கட்டுரை எழுதிக்கொடுத்தேன். கட்டுரையில் ஒரு வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டது. நன்றாக அமைந்த வாக்கியம் யாரையாவது கடிக்காமல் விடாது. இது ஒரு மனிதரின் காலைக் கடித்தது.

(உருவகமாகச் சொல்லவில்லை. வலது கால். கணுக்காலுக்குக் கீழே.)

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"கல்வராயன் மலையின் மடியில் பனி இன்னும் விலகாத அந்த..." மலைக்கு ஏது மடி? அடித்துவிட்டேன்.

"கிராவல் பைக்கிங் என்பது உலகெங்கும்..." இதையும் அடித்தேன். எங்கள் மாவட்டத்தில் கிராவல் என்றால் ஏரியில் திருடி லாரியில் ஏற்றுகிற செம்மண். ஆல்பின் முதன்முதலில் போன் செய்து, "அண்ணே, மலைல கிராவல் பண்றோம், வர்றீங்களா?" என்றபோது, இந்த வயசில் எனக்கு எதற்கப்பா மண் கடத்தல் என்றுதான் கேட்டேன். சிரித்துவிட்டு விளக்கினான். தடித்த டயர் போட்ட சைக்கிளில், தார் இல்லாத ரோட்டில், வண்டி தொந்தரவு இல்லாமல், காட்டையும் பழைய கல்லையும் பார்த்துக்கொண்டு போவதாம். தார் இல்லாத ரோட்டில் சைக்கிள் விடுவதற்கு எங்கள் ஊரில் பால் ஊற்றப் போவது என்று பெயர்.

மூன்றாவது: "செவ்வந்தி என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றாள்."

இதுதான் சரியான தொடக்கம். ஆனால் அவள் ஏன் அப்படி நிற்கிறாள் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. ஐந்தாம் பகுதிவரை நிற்கட்டும். அவளைப் போன்றவர்களை நிறுத்திவைப்பது நமக்கொன்றும் புதிதல்லவே.

3

ஆல்பின் கள்ளக்குறிச்சிக்காரன். எட்டு வருஷம் ஐரோப்பாவில் வேலை பார்த்தவன். அங்கே கோட்டைகளுக்கும் காடுகளுக்கும் நடுவில் சைக்கிள் விட்டுப் பழகி, ஊருக்குத் திரும்பியதும் அதே மாதிரி ஒரு பாதையை நம் மலையில் கண்டுபிடித்தான். கண்டுபிடித்தான் என்பது அவன் சொல். கரியாலூரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் உள்ளே அந்தப் பாதை போய்ச் சேரும் ஊர் அதற்கு முன்பும் இருந்தது.*

* ஊர்ப் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அடுத்த வாரமே அங்கே கூடாரம் முளைக்கும்.

தை மாதத்தில் ஒரு காலை, பதினோரு பேர் கிளம்பினோம். என்னைத் தவிர எல்லோரும் சென்னை. இறுக்கமான உடுப்பில் தோலுரித்த பலாக்கொட்டைபோல் பளபளத்தார்கள். "என்ன அமைதி! ஒரு வண்டிகூட இல்ல!" என்று வழிநெடுக வியந்தார்கள். ரோட்டில் ஜல்லி கொட்டி இரண்டு வருஷம். கொட்டிய காண்டிராக்டர் தார் போட வரவில்லை. தார் இல்லாததால் பஸ் வரவில்லை. பஸ் வராததால் அமைதி.

பாதி வழியில் ஒரு நடுகல். வில்லேந்திய வீரன், இடுப்பில் கத்தி. ஆல்பின் கையை விரித்து, "இடைக்காலப் பாரம்பரியச் சின்னம்" என்றான். ஊர்க்காரர்கள் வேடியப்பன் என்று கும்பிடும் கல் அது. அதன் பக்கத்தில் நான்கு பேர் மூங்கில் கம்பு ஒன்றை இறக்கிவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். கம்பில் கட்டிய கம்பளிக்குள் ஒரு ஆள்.

"இது என்ன ஃபெஸ்டிவல்? பல்லக்கா?" என்றார் ஒரு பெண்மணி, போனை உயர்த்தியபடி.

பதில் கம்பளிக்குள்ளிருந்து வந்தது. "ஆமாம்மா. சாமி நான்தான். காலு அழுகிக்கினு கீது. கிட்ட வந்து கும்புட்டுக்க."

அவர் பச்சமுத்து. பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்றவள் அவர் மனைவி செவ்வந்தி. கடுக்காய் மரத்திலிருந்து விழுந்து பாதம் கிழிந்தது. சர்க்கரை உடம்பு, புண் ஆறவில்லை. திங்களும் வியாழனும் கள்ளக்குறிச்சிக்குப் போய்க் கட்டு மாற்ற வேண்டும். தவறினால் கணுக்காலோடு எடுக்கவேண்டி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு தரம் மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்காரவைத்துப் போனார்கள். ஜல்லி வழுக்கி மூன்று பேரும் விழுந்தார்கள். புண் பெரிதானதுதான் மிச்சம். அன்றிலிருந்து டோலி.

"ஆம்புலன்ஸ் கூப்பிடலியாம்மா?" என்றேன்.

"கரியாலூர் வரிக்கும் வரும் சார். அதுக்கு மேல வந்தா டயரு கிழியுமாம்." எங்கள் சைக்கிள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "உங்களுதுலாம் கிழியலியே?"

4

ஹெல்மெட்டுக்குக் கைம்மாறாக ஆல்பினுக்கு எழுதிய கட்டுரையின் முதல் பிரதியில் பச்சமுத்து இருந்தார். ஒரே ஒரு பத்தி. ஆல்பின் படித்துவிட்டு, "சூப்பர்ணே. ஆனா இந்த இடத்துல மட்டும் ஃப்ளோ கட் ஆகுது" என்றான்.

வெட்டியவன் ஆல்பின் இல்லை. நான். அந்த இடத்தில் இதைப் போட்டேன்:

"போக்குவரத்து இல்லாத இந்தப் பாதையை உலகம் பார்க்க வேண்டும்."

வாசித்துப் பாருங்கள், நாக்கில் வழுக்கும். முப்பது வருஷமாக அடுத்தவர் ஜம்பத்தை ஊசியால் குத்தியே பிழைத்தவன் ஊதிய பலூன் இது.

(ஆல்பினை வில்லனாக்க நிறைய முயன்றேன். மீசை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. மரத்தை வெட்டமாட்டான், பிளாஸ்டிக் போடமாட்டான், எல்லோரையும் வாய் நிறைய அண்ணே என்பான். அடிக்கலாம் என்று கை ஓங்கினால் டீ வாங்கிக் கொடுக்கிறான். இப்படிப்பட்ட நல்லவனை என்ன செய்வது என்று எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை.)

5

இப்போது செவ்வந்தியை உள்ளே விடலாம். அவள் வரவில்லை. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, ஒரு ஜெராக்ஸ் தாளை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இது நீ எழுதுனதா சார்?"

தாளின் தலையில் என் வாக்கியம், கொட்டை எழுத்தில். அதன் கீழே பொடி எழுத்தில்: "ஆகவே மேற்படி பாதையின் இயற்கைத் தன்மை மாறாவண்ணம், மேற்பரப்புப் பணிகளைத் தவிர்த்துப் பேணுமாறு கோருகிறோம்." அதற்கும் கீழே நாற்பத்து மூன்று கையெழுத்து, கைநாட்டு.

"அந்த சைக்கிள் தம்பி ஆல்பின் குடுத்துட்டுப் போன தாளு. மேல இருந்தத நல்லா படிச்சன் சார். போக்குவரத்து இல்லாத பாதை, உலகம் பாக்கணும். அட, நம்ம கஷ்டத்த யாரோ புண்ணியவான் கரெக்டா எழுதிக்கிறான்னு நெனச்சன். இதத்தான நாங்க ரெண்டு வருசமா கத்திக்கினு கீறோம்? வூடு வூடா நானே எத்துக்கினு போயி கையெழுத்து வாங்கினன். எங்க வூட்டுக்காரரு மொத கைநாட்டு."

"கீழே இருந்ததைப் படிக்கலியா?"

"படிச்சன். மேற்பரப்புப் பணின்னா இன்னா?"

"தார் போடறதும்மா" என்றேன்.

"தாருன்னு எழுதனா பேனா ஒட்டிக்குமா சார்?"

தார் போட உத்தரவு வந்திருந்ததாம். ஊர் மக்களே வேண்டாமென்று எழுதிக்கொடுத்திருக்கிறார்களே என்று அலுவலகத்தில் கோப்பை மூடிவிட்டார்கள். போக்குவரத்து இல்லாத. இதே இரண்டு சொல் மலையில் முறையீடு, கீழே விளம்பரம். எனக்கு இரண்டு அர்த்தமும் தெரியும். கல்லருகே நின்று ஒன்றைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து மற்றதை எழுதினேன்.

ஆல்பினுக்குப் போன் போட்டுக் கத்தினேன். பொறுமையாகக் கேட்டான். "அண்ணே, மக்களே விரும்பித்தான கையெழுத்து போட்டாங்க? சரி விடுங்க, அவங்களுக்கு ஒரு ஸ்ட்ரெச்சர் ஏற்பாடு பண்ணிடலாம். கார்பன் ஃபைபர்ல. வெயிட் ரொம்பக் கம்மி."

[இந்த இடத்தில் மூன்று பக்கம் வசை இருந்தது. அச்சேறாது.]

6

கதைக்கு மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

அ) அதிகாரி உண்மையை அறிகிறார். கண் கலங்குகிறார். மறுநாளே தார் கொதிக்கிறது. இது பொங்கலுக்குப் பேப்பரில் வருகிற முழுப்பக்க விளம்பரம்.

ஆ) பச்சமுத்துவின் பாதம் போகிறது. அவர் கட்டைக் காலோடு நடுகல்லருகே நிற்க, சைக்கிள்கள் மணியடித்துக் கடக்கின்றன. இந்த முடிவுக்குத்தான் பரிசு கிடைக்கும். மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். நானும் கால்களைப் பற்றி உருக்கமாக

போதும்.

இ) ஆல்பின் திருந்துகிறான். (மறுபடி மீசை ஒட்டவில்லை.)

புது மனு எழுத மலைக்குப் போனபோது, இந்த மூன்றையும் அவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். பச்சமுத்து திண்டில் காலைத் தூக்கிவைத்தபடி கேட்டார். "ரெண்டாவதுல எனக்கு எத்தினி நாளு டைம் குடுத்துக்கிற சார்?"

செவ்வந்தி சிரிக்கவில்லை. "முடிவுலாம் நீ எழுதாத சார். நீ எழுதித்தான் இங்க வந்து நிக்கிது."

மனுவை அவள் சொன்னாள், நான் எழுதினேன். "எங்க ஊருக்கு பஸ் இல்ல. ரோட்டுக்குத் தாரு வோணும். தாரு வோணாம்னு நாங்க சொல்லல." பழக்கதோஷத்தில் 'மேற்படி' என்று ஒன்றைச் சேர்த்தேன். பிடுங்கி அவளே அடித்தாள். அடியில் எனக்கு ஒரு வரி இடம் கொடுத்தாள்: "முந்தைய தாளின் தலைப்பு வாக்கியம் என்னுடையது. இவர்கள் அதை நம்பிக் கையெழுத்திட்டார்கள்." கையெழுத்துப் போட்டேன். என் எழுத்திலேயே நடை சுமாரான வரி. பொய் இல்லாத வரியும் அதுதான்.

7

இன்று திங்கள். கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். பச்சமுத்துவுக்குக் கட்டு மாற்றும் நாள். விடிந்து அரை மணி ஆகிறது. அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து இந்தப் பகுதியை எழுதுகிறேன். மனு செவ்வந்தியின் ரவிக்கைக்குள் இருக்கிறது. கம்பளியைக் கம்பில் கட்டிவிட்டார்கள். வழக்கமாகத் தூக்கும் நால்வரில் பகலவன் மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போய்விட்டான். மூன்று பேர்தான் நிற்கிறார்கள்.

என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. மனுவை வாங்குவார்களா, பழைய கையெழுத்தைக் காட்டித் திருப்பி அனுப்புவார்களா, டாக்டர் கட்டைப் பிரித்து என்ன சொல்வார் என்றெல்லாம் நீங்கள் கேட்பது புரிகிறது. கரியாலூர்வரை ஒன்பது கிலோமீட்டர். என் முட்டி இரண்டாவது வளைவுக்குத் தாங்கினாலே பெரிது. எனினும் ஒரு கதாசிரியன் என்ற முறையில், இந்த மலைப்பாதையைப் பற்றி இறுதியாக ஒரு வாக்கியம்

"இன்னா சார் இன்னும் எழுதிக்கினு கீற? பேனாவ வெச்சிட்டு வா. அந்தப் பக்கம் புடி."