கிரவல் போடாத வளைவு

டிரக்டர் சத்தம் கேட்டபோது ஐரின் புருஷனின் கழுத்துப் பொத்தானைத் தள்ளித் தைத்துக்கொண்டிருந்தாள். உடலைப் பதப்படுத்திய மலர்ச்சாலைக்காரர்கள் குறை சொல்ல முடியாதபடிதான் உடுத்தி அனுப்பியிருந்தார்கள். ஆனால் கொலரில் அரை இஞ்ச் தளர்வு. இருபத்தைந்து வருஷமாகப் பள்ளிக்கூட யூனிபோம் தைக்கிறவளின் கண்ணை அது இரண்டு நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. இன்று மூன்று மணிக்குப் பெட்டியை மூடிவிடுவார்கள். நூலைப் பல்லால் கடிக்கக் குனிந்தவள் அப்படியே நின்று காதைக் கொடுத்தாள்.

சத்தம் கல்லறைப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தது. அம்பிட்டியாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அந்தப் பாதையில் ஒரு சைக்கிள் ஏறிக்கூட அவள் கண்டதில்லை.

மகள் அனற் ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "பாதைக்குக் கிரவல் மண்ணு கொட்டுறாங்கம்மா" என்றாள். "கீழ் ரோட்டுக் கட்சி ஆளுங்க."

ஐரின் நூலைக் கடித்தாள். ஊசியைச் சேலைத் தலைப்பில் குத்திக்கொண்டு, "கேட்டீங்களா?" என்று பெட்டிக்குள் பார்த்துக் கேட்டாள். அந்தோனி கேட்கவில்லை.

கண்டி பஸ் நிலையத்தில் நேரக் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற மனுசன். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜூன் மாத மழையில் அவருடைய அம்மாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது, பாதையின் வளைவில் முன்னால் போனவர் சறுக்க, பெட்டி சேற்றில் விழுந்து மூடி திறந்துகொண்டது. அன்றைக்கு அவர் அழவில்லை. அடுத்த தேர்தலில் சுயேச்சையாக நின்றார். பிரதேச சபைக்கு அவர் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு கொங்கிரீட் பாதை. கிடைத்த சின்னம் கேத்தல், தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கிற அதே கேத்தல். ஊர் அவரைக் கேத்தல் அந்தோனி ஆக்கிவிட்டது.

ஊரில் இரண்டு பெரிய கட்சிகள். ஒன்றின் கந்தோர் மேல் ரோட்டில், மற்றதின் கந்தோர் கீழ் ரோட்டில். தேர்தல் வந்தால் இரண்டும் லவுட்ஸ்பீக்கரும் தகரமும் சீமெந்துமாக இறங்கும். அந்தோனி நடந்து போவார். சாவு வீடு எதுவானாலும் முதல் ஆளாகப் போய்க் கதிரை இறக்குகிறவர் அவர்தான். அதனால் எந்த வீட்டிலும் அவரை உட்காரவைத்து பிளேன்டீ கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு எல்லோரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். நல்ல மனுசன்தான், ஆனா வோட்டு வீணாப் போயிடுமே. மூன்று தேர்தலில் ஊர் தன் வோட்டை வீணாக்காமல் பார்த்துக்கொண்டது. பாதை சேறாகவே கிடந்தது.

அந்த ஊரில் ஐரினும் ஒருத்தி. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மூன்று முறையும் சாவடிக்குப் போய், கேத்தலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஜெயிக்கிற கட்சிக்குப் புள்ளடி போட்டுவிட்டு வந்தவள். அனற்றுக்கு வேலை கேட்டுப் போக ஒரு வாசல் வேண்டாமா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவரும் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பாள். அந்த நினைப்புத்தான் செவ்வாய்க்கிழமை அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததிலிருந்து அவளை விடவில்லை.

இந்த முறைதான் கேத்தலுக்குப் போட்டாள். அதுவும் அவளுடைய பெயரும் வேட்பாளர் பட்டியலில் இருந்ததால். பட்டியலில் இத்தனை பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒத்துக்கொண்டிருந்த பெண்கள் கடைசி நாளில் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். அந்தோனி படிவத்தை எடுத்துக்கொண்டு குசினிக்கு வந்து நின்றார். அவள் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தாள். கையைச் சேலையில் துடைத்துவிட்டு, என்ன ஏது என்று வாசிக்காமலே, காலியாகக் கிடந்த இரண்டாவது இடத்தில் கையெழுத்து வைத்தாள். பிரதியின் ஓரத்தில் அந்த எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது.

ஒரு வட்டாரமும் கேத்தலுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்த வோட்டுகள் சேர்ந்து ஒரே ஒரு போனஸ் ஆசனம் வந்தது. மேல் ரோட்டுக்குப் பத்து, கீழ் ரோட்டுக்குப் பத்து, கேத்தலுக்கு ஒன்று. சபையை நடத்தும் தவிசாளர் யார் என்பது அந்த ஒன்றின் கையில். அந்தோனி பதினோரு நாள் சந்தோசமாக இருந்தார். பன்னிரண்டாம் நாள் போய்விட்டார்.

நேற்று மத்தியானம் அனற்தான் அப்பாவின் கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அப்பா இல்லாட்டி லிஸ்ட்டில ரெண்டாவது பேருதான் குழுவுக்குத் தலைவராம். அந்த இடத்துக்கு ஆள் யாருன்னு நீங்கதான் எழுதிக் கொடுக்கணும். தேர்தல் கந்தோர்ல கேட்டுட்டேன்."

இவர்கள் கந்தோரில் கேட்பதற்கு முன்பே இரண்டு ரோட்டுக்காரர்களும் கேட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. நேற்றுப் பின்னேரமே முற்றத்தில் மேல் ரோட்டுப் பந்தல் எழும்பிவிட்டது. கீழ் ரோட்டிலிருந்து நூறு கதிரை வந்தது. மதிலில் ஆளுக்கொரு பதாகை. அந்தோனியை மக்கள் தொண்டன் என்றது ஒன்று, மலையக மாமனிதன் என்றது மற்றது. இரண்டிலும் அந்தோனியின் படத்தைவிடத் தலைவர்மாரின் படம் பெரிது. ஐரின் கண்ணாலேயே அளந்தாள், இரண்டு மடங்கு இருக்கும்.

பத்து மணிக்கு மேல் ரோட்டு அமைப்பாளர் கணேஸ் வந்தான். ஹார்ட்வெயார் கடைக்காரன், போன தேர்தலில் அந்தோனியைப் பார்த்து, அண்ணே கேத்தல் கொதிச்சிருச்சா என்று கேட்டுச் சிரித்தவன். இன்று பெட்டியின் தலைமாட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். கீழ் ரோட்டு ஆட்கள் பாதையின் அடியிலிருந்து கிரவல் போடுவதை அறிந்ததும் வெளியே போய் போன் பேசினான். அரை மணித்தியாலத்தில் தேயிலைத் தோட்டத்துப் பக்கமாகச் சுற்றி வந்த இன்னொரு டிரக்டர் கல்லறை வாசலிலிருந்து கீழ்நோக்கிக் கொட்டத் தொடங்கியது.

போகும்போது கணேஸ் ஐரினை ஓரமாகக் கூப்பிட்டான். கையில் டைப் அடித்த கடிதம் தயாராக இருந்தது. பட்டியலில் மூன்றாவதாக இருந்த நிரஞ்சனின் பெயரை அதில் போட்டிருந்தார்கள். நிரஞ்சன் முந்தாநாளே மேல் ரோட்டுக் கந்தோரில் தேத்தண்ணி குடித்தாயிற்று என்பது ஊருக்கே தெரியும்.

"நீங்க இந்தச் சில்லறை அலுவலுக்கெல்லாம் அலையக்கூடாது அக்கா. ஒரு சைன் மட்டும் போட்டீங்கன்னா அண்ணன்ட பாதைய நாங்க பார்த்துக்குவோம்."

"பெட்டி போகட்டும் தம்பி" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் கீழ் ரோட்டிலிருந்து சஞ்சீவனி நோனா வந்தார். சிங்களம் கலந்த தமிழில் அதே ஆறுதலையும் அதே பாதையையும் சொன்னார். அவருடைய பையிலும் ஒரு கடிதம் இருந்தது. ஐரின் அவருக்கும் அதே பதிலைச் சொல்லி, பிளேன்டீ கொடுத்து அனுப்பினாள்.

பிறகு அவள் உள்ளே போய்த் தையல் மெசினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். பதினெட்டு வருஷம் ஒரு மனுசன் வீடு வீடாக நடந்து கேட்டபோது வராத டிரக்டர், ஒரே ஒரு ஆசனத்துக்காக ஒரே காலையில் இரண்டாக வந்திருக்கிறது. வீணாப் போயிடும் என்று எதைச் சொன்னோம் என்று நினைத்தபோது அவளுக்கு முதலில் வெட்கம் வந்தது. பிறகு கோபம் வந்தது. கோபம் அடங்கியபோது மனது தெளிவாக இருந்தது. அனற்றைக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத்தாள் கேட்டாள்.

பூசை முடிந்து பெட்டி கிளம்பியபோது தூறல் விழுந்துகொண்டிருந்தது. முன் பக்கம் தோள் கொடுக்க இரண்டு ரோட்டுக்காரர்களும் முண்டியடித்தார்கள். ஃபாதர் ஒரு பார்வை பார்த்ததும் பக்கத்துக்கு ஒருவராக ஒதுங்கினார்கள். கிரவல் புதுசு, காலுக்கடியில் நறநறவென்றது. ஊர்வலம் வளைவு வரைக்கும் நன்றாகவே போனது.

வளைவில் கிரவல் இல்லை.

கீழேயிருந்து வந்தது வளைவுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டது. மேலேயிருந்து வந்தது அந்தப் பக்கம் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஓரடி போட்டாலும் பெயர் மற்றவனுக்குப் போய்விடும் என்று இரண்டு பேருமே விட்டிருந்தார்கள். நடுவில் பழைய சேறு, அந்தோனியின் அம்மா விழுந்த அதே சேறு.

தூக்கினவர்கள் நின்றார்கள். கணேஸ் தன் சப்பாத்தைக் குனிந்து பார்த்தான். முன் கம்பை இன்னொருவர் தோளுக்கு மாற்றிவிட்டு வரம்போரமாக ஏறிக்கொண்டான். கீழ் ரோட்டுக்காரரும் அப்படியே செய்தார். கேத்தலுக்கு நோட்டீஸ் கொடுத்துத் திரிந்த நாலைந்து பேரும் பஸ் நிலையத்துப் பழைய சகாக்களும் வந்து தோள் கொடுத்தார்கள். ஐரின் செருப்பைக் கழற்றி அனற்றிடம் கொடுத்துவிட்டு, பெட்டிக்குப் பின்னால் சேற்றில் இறங்கினாள். எல்லோரும் கால்விரலை ஊன்றி ஊன்றி நடந்தார்கள். பெட்டி சறுக்கவில்லை. அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஜெபம் சொல்கிறாள் என்று அனற் நினைத்தாள்.

மண் போட்டு முடிந்ததும் கல்லறை வாசலில் கணேஸ் கடிதத்தோடும் பேனாவோடும் நின்றான். சஞ்சீவனி நோனாவும் நாலடி தள்ளிக் குடைக்குள் நின்றார்.

"வேணாம் தம்பி, எழுதியாச்சு" என்றாள் ஐரின்.

"யார் பேரு அக்கா?"

"என் பேருதான்."

கணேஸ் கடிதத்தை மடித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, அப்படியானால் தவிசாளருக்கு யார் பக்கம் கை தூக்குவீர்கள் என்று கேட்டான்.

"கொங்கிரீட் பாதை போடுறதா முதல்ல யார் எழுத்தில தாறாங்கன்னு பார்ப்போம். கீழேருந்து மேல் வரைக்கும். நடுவுல விடாம."

அவன் பதில் சொல்வதற்குள் அவள் இறங்கத் தொடங்கிவிட்டாள். வளைவு வந்ததும் அனற் செருப்பை நீட்டினாள். ஐரின் வாங்கவில்லை. துணியை வெட்டுவதற்கு முன்னால் இரண்டு தரம் அளப்பது அவள் வழக்கம். கிரவல் முடிகிற இடத்தில் நின்று, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரே அளவாகக் கால் வைத்து, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே நடந்தாள்.

இந்தத் தரமும் முப்பத்தேழு.