செவ்வாய்க்கிழமைக் கட்டம்

1

இந்தக் கதை ஒரு ரப்பரிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எகிப்தின் கெனா ஊரில், ரயில் பாலத்துக்குப் பின்னாலுள்ள ஆரம்பப் பள்ளியில், நான்காம் வகுப்புச் சுவரில் ஓர் அட்டவணை தொங்குகிறது. அதில் செவ்வாய்க்கிழமைக் கட்டம் மட்டும் அழுக்காக இருக்கும். அழித்த இடம். காகிதம் அங்கே மெலிந்துபோயிருக்கிறது. [இன்னும் தொங்குகிறதா? தொங்குகிறது. இன்று காலைகூடப் பார்த்தேன்.]

அழித்தவள் பெயர் இப்திஸாம் டீச்சர். அப்படி ஒருத்தி கிடையாது, நான்தான். அவள் செய்ததை 'நான்' என்று எழுதக் கை வரவில்லை. அதனால் கொஞ்ச தூரம் அவளை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் வருகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"இப்திஸாம் அறிவியலை நேசித்தாள், ஆனால் அதைவிட அதிகமாக—" வேண்டாம். வக்காலத்து வாங்குகிற வாக்கியம்.

"நீர் ஆவியாகும்போது தன்னைச் சுற்றியுள்ள வெப்பத்தை" இது பாடக்குறிப்பு.

மூன்றாவது பரவாயில்லை. வியாழக்கிழமை மேற்பார்வையாளர் வருவதாகச் செய்தி வந்தது. அதற்குள் பிள்ளைகள் தாங்களே செய்து பார்க்கும் மூன்று சோதனைகளைத் திட்டமிட்டு நடத்தியிருக்க வேண்டும். விசைக்கு ஒரு சாய்பலகையும் பொம்மை வண்டியும். ஆற்றலுக்கு வெயிலில் விரித்த கறுப்புத் துணியும் வெள்ளைத் துணியும். பருப்பொருளுக்கு இரண்டு மண்கூஜாக்கள்: ஒன்று வெறும் மண், இன்னொன்று வெளியே பெயின்ட் அடித்தது. இரண்டிலும் கழுத்துவரை தண்ணீர் ஊற்றிவிட்டு, தினமும் காலையில் அளவு குறித்த பேரீச்ச மட்டைக் குச்சியை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். எதில் தண்ணீர் குறைகிறது, ஏன்? எதிர்பார்த்ததும் கிடைத்ததும் ஒத்துப்போனால் மேற்பார்வையாளருக்கு மனம் குளிர்ந்துவிடும். 'எதிர்பார்க்கும் முடிவு' என்ற இடத்தில், வெறும் மண்கூஜாவுக்கு, ஞாயிறு முதல் புதன்வரை இப்திஸாம் எழுதினாள்: 24, 21, 18, 15.*

* பேனாவால் எழுதினாள். பென்சிலால் எழுதியிருக்கலாம்.

காற்றுப் படட்டும் என்று கூஜாக்களைத் தெருப்பக்க ஜன்னல் விளிம்பில் வைத்தாள். வேறு மாதமாக இருந்தால் வைத்திருக்கமாட்டாள். எங்கள் ஊரில் தெருவைப் பார்த்து ஒரு கூஜா இருந்தால் அது தாகத்துக்கு வைத்தது. யாருடையது என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் அது ரமலான். பகலில் ஒருவரும் வாய் நனைக்கமாட்டார்கள். அதற்காகவே நாள் பார்த்து வைத்தாள், தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சியும்கொண்டாள்.

3

அளக்கும் வேலை ஷுரூக்குக்கு. ஒன்பது வயது, முன்பற்களுக்கு நடுவே ஒரு சந்து. குச்சியை வெளியே எடுத்ததும் ஈரம் நிற்கும் கோட்டில் நகத்தை வைத்து அழுத்திக்கொண்டு, யாரோ பறிக்க வருவதுபோல் மேசைக்கு ஓடி வருவாள்.

(இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் இருந்தது. கதையில் வரும் பிள்ளைகள் பெரும்பாலும் அளவுக்கு மீறி நல்லவர்கள். ஆகவே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஷுரூக் வீட்டுக்கணக்கைப் பார்த்து எழுதுகிறவள். தானும் நோன்பு என்று எல்லோரிடமும் பெருமையடித்துவிட்டு, தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் பிஸ்கட் தின்று பிடிபட்டவள். அதனால்தான் இப்திஸாமுக்குச் சந்தேகம் அவ்வளவு சுலபமாக வந்தது.)

ஞாயிறு, எங்களுக்கு வாரத்தின் முதல் பள்ளி நாள், 24. திங்கள் 21. பெயின்ட் கூஜாவில் அப்படியே 24. எல்லாம் திட்டப்படி. செவ்வாய்க்கிழமை ஷுரூக் கண்ணை அகல விரித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"மிஸ், மண்கூஜால தண்ணி ஏறியிருக்கு. இருபத்திநாலு."

கூஜாவும் ராத்திரி நோன்பு திறந்துவிட்டது போல என்று ஒரு பையன் சொல்ல, வகுப்பே சிரித்தது. இப்திஸாம் சிரிக்கவில்லை. எழுந்துபோய்ப் பார்க்கவுமில்லை. நாற்காலியிலிருந்து ஜன்னல் பத்தடி தூரம். [இந்த வரியை நான்கு முறை அடித்துவிட்டு நான்கு முறை திரும்ப எழுதினேன்.]

"தண்ணி எப்படிம்மா தானா ஏறும்? அன்னிக்கு பிஸ்கட் கதை, இன்னிக்கு இதா? பொய் எழுதறதுக்கா உன் கையில குச்சியக் குடுத்தேன்?"

ரப்பரை எடுத்து, அட்டவணையில் ஷுரூக் பென்சிலால் எழுதியிருந்த 24-ஐ அழித்து 18 என்று எழுதினாள். குச்சி வேறொருத்தி கைக்குப் போனது. ஷுரூக் அழவில்லை. கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

4

அன்று மாலை சாய்பலகையைச் சரிசெய்துகொண்டிருந்ததில் நேரம் போய்விட்டது. வாசலைப் பூட்டும்போது நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது. ஜன்னலடியில் ஒரு ஆட்டோக்காரர் மண்கூஜாவைத் தூக்கி அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார். பின்னால் இரண்டு பேர், கையில் பேரீச்சம்பழத்தோடு. அவர்கள் போனதும் எதிரே இஸ்திரிக் கடை வைத்திருக்கும் ஷனூதா அண்ணன் ஒரு பெரிய குவளையோடு வந்து, கூஜாவை நிரப்ப ஆரம்பித்தார்.

நேற்றும் ஊற்றினீர்களா என்று கேட்டேன். [ஆமாம், 'கேட்டேன்'. இனி இப்திஸாம் வேண்டாம்.]

"பின்ன? பாங்கு நேரத்துல வீடு போய்ச் சேராதவங்க இருக்காங்களே டீச்சரம்மா. ஞாயித்துக்கிழமை நான் சர்ச்சுக்குப் போயிட்டேன், கடை பூட்டு. அன்னிக்கு ஊத்த ஆளில்ல. நேத்திலேர்ந்து கழுத்து வரைக்கும் ஊத்திடறேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "இன்னொண்ணுக்கு பெயின்ட் அடிச்ச புண்ணியவான் யாரு? நாத்தம் தாங்கல, ஒருத்தரும் தொடமாட்டேங்கறாங்க."

ஊரே சாயங்காலத்துக்காகக் காத்திருக்கும் மாதத்தில், சாயங்காலம் என்று ஒன்று இருப்பதை மறந்து சோதனை வகுத்திருக்கிறேன். ஞாயிறு குறைந்த மூன்றும் ஆவியானதா, யாராவது குடித்ததா, அதுவும் தெரியாது. என் திட்டம் முழுவதிலும் நம்பக்கூடியவையாக இருந்தவை அந்தப் பெண் அளந்தவை மட்டும்தான். அதில் ஒன்றை அழித்துவிட்டேன். ஷனூதா அண்ணன் முன்னால் அழக்கூடாது என்று சாவியைத் தேடுவதுபோல் பையைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

5

முடிவு அ: வகுப்பில் உண்மையைச் சொல்கிறேன், பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், ஷுரூக் பல் சந்து தெரியச் சிரிக்கிறாள். எழுதி முடித்துக் கிழித்துவிட்டேன். என்னை நானே மன்னித்துக்கொள்ளும் முடிவு அது.

முடிவு ஆ: மேற்பார்வையாளர் அழுக்குக் கட்டத்தைக் காட்டி ஏன் என்று கேட்க, நான்— இது அவருக்கும் எனக்கும் உள்ள விஷயம். அவளுக்கு இதில் என்ன?

நடந்தது இது. புதன்கிழமை காலை வகுப்பின் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நான்தான் தப்பாக எழுதினேன், ஷுரூக் சரியாக அளந்தாள், அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொன்னேன். என் 18-ஐ நானே அழித்தேன். 24-ஐ மட்டும் எழுதவில்லை, அதை எழுத வேண்டியவள் அவள். பிறகு, இன்றைக்கும் நீயே அள என்று குச்சியைக் கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டாள். கூஜாவில் விட்டு எடுத்தாள். ஈரக்கோட்டில் நகத்தை வைத்தாள். ஓடி வரவில்லை, நடந்து வந்தாள். குச்சியைக் குனிந்து பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தாள்.

"எவ்வளவு வரணும் மிஸ்?"

6

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இல்லை. எனக்கு உதவுவதற்காகத்தான் கேட்டாள்.

அன்று ஏதோ பதில் சொன்னேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. பிறகு வீட்டில் உட்கார்ந்து ஐந்து பதில்கள் எழுதிப் பார்த்தேன். 'நீ பாக்கறதுதான் வரணும்.' 'எனக்குத் தெரியாதும்மா.' 'எவ்வளவு வேணும்னாலும்—' ஒவ்வொன்றும் சரிதான். ஒன்றுகூட அவளிடம் போய்ச் சேராது.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். செவ்வாய்க்கிழமைக் கட்டமும் புதன்கிழமைக் கட்டமும் காலியாக இருக்கின்றன. அவள் இன்னும் என் மேசைக்கு முன்னால் நிற்கிறாள், நகம் கோட்டிலேயே இருக்கிறது, குச்சியில் ஈரம் காய்ந்துகொண்டு வருகிறது. ஏதாவது சொல்லுங்கள். ஆனால் சொல்வதற்கு முன்னால் எழுந்துபோய்க் கூஜாவைப் பாருங்கள். பத்தடி தூரம்தான்.