பதினெட்டா, இருபதா?

வீடு வீடாகப் போய் ஜன்னல் திரை மாட்டிக் கொடுக்கும் கர்ட்டன் அக்காவின் டிரில்லிங் மெஷின் ஒரு சனிக்கிழமை, ஏணி உச்சியில் அவள் கையிலேயே உயிரை விட்டது. ஜன்னலுக்கு ஒரு பக்கம் பிராக்கெட் ஏறிவிட்டது. மறுபக்கம் ஓட்டை போடும்போது கருகல் வாடை, கொஞ்சம் புகை, அவ்வளவுதான். கீழே நின்ற வீட்டுக்காரம்மா ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கும் திரைக் கம்பியைப் பார்த்தாள்.

"அப்ப இது?"

"திங்கக்கிழமை வந்து முடிச்சிடறேன்மா" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

புது மெஷின் வாங்குவது ஒரு பெரிய விஷயமே இல்லை, வேறு யாராவதாக இருந்தால். இவளுக்கோ கூடப் பிறந்த அண்ணன் ஒரு கருவிக் கடையில் விற்பனையாளர். கணவரின் தம்பி, அதாவது அவள் கொழுந்தன், அதே தெருவில் எதிர்க்கடையில் விற்பனையாளர். அண்ணனுடையது மஞ்சள் கம்பெனி, கொழுந்தனுடையது நீலக் கம்பெனி. மற்ற நேரத்தில் இரண்டு பேரும் மச்சான், மாப்ள என்று தோளில் கை போட்டுக்கொண்டு திரிவார்கள். மெஷின் பேச்சு வந்தால் எலியும் பூனையும்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் ஆளுக்கொரு பெட்டியோடு வந்து ஹாலில் உட்கார்ந்தார்கள்.

"ரெண்டுமே வயர் இல்லாதது, பிரஷ்லெஸ்" என்று அண்ணன் ஆரம்பித்தார்.

"பிரஷ் இல்லன்னா பரவாயில்லண்ணே. தூசி தட்ட என்கிட்டயே ரெண்டு இருக்கு."

கொழுந்தன் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டான். "அந்த பிரஷ் இல்ல அண்ணி. பழைய மெஷின்ல மோட்டாருக்குள்ள கார்பன் உரசிக்கிட்டே இருக்கும், அதுக்குப் பேரு பிரஷ். இதுல அது கிடையாது. உரசல் இல்ல, சூடு கம்மி, சார்ஜும் நிறைய நேரம் நிக்கும்."

"எங்களோடதும் அதேதான்" என்றார் அண்ணன்.

"அப்ப ரெண்டுக்கும் என்னதான் வித்தியாசம்?"

கேட்டிருக்கவே கூடாது. இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். முறுக்கு விசையாம், சுற்று வேகமாம், பேட்டரி கொள்ளளவாம். அவள் தலையைத் தலையை ஆட்டினாள். ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

"இதெல்லாம் விடு" என்றார் அண்ணன். "எங்களோடது இருபது வோல்ட். மாப்ளயோடது பதினெட்டு."

அப்பாடா, இது புரிந்தது. பதினெட்டைவிட இருபது பெரிசு. மஞ்சள் மெஷினை எடுக்கக் கை நீட்டினாள்.

"மச்சான், அண்ணிகிட்ட முழுசாச் சொல்லுங்க" என்றான் கொழுந்தன். "ரெண்டும் ஒண்ணுதான் அண்ணி. முழு சார்ஜ்ல, வேலை செய்யாம சும்மா இருக்கும்போது அளந்தா இருபது. வேலை செய்யும்போது பதினெட்டு."

"அப்ப உன்னோடதும் இருபதா?"

"ஆமா."

"பின்ன ஏன் பதினெட்டுன்னு எழுதியிருக்கு?"

"வேலை செய்யும்போது..."

"அப்ப அண்ணனோடது பதினெட்டா?"

அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார். "ஒரு வகையில" என்றார்.

அவளுக்குத் தலை கிறுகிறுத்தது. "பேசினது போதும். ஓட்டை போட்டுக் காட்டுங்க" என்றாள்.

ஹால் ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் கான்கிரீட் கட்டை, லிண்டல். அவள் தொழிலுக்கு உண்மையான சோதனை அதுதான். முதலில் அண்ணன் ஏறினார். மெஷின் வீலென்று கத்தியது. சுவரில் ஒரு பொட்டு அளவுக்குப் பள்ளம் விழுந்தது, அதற்கு மேல் நகரவில்லை. அவர் நெற்றியெல்லாம் வேர்வை. நீலம்தான் என்று அவள் முடிவுகட்டிய நேரம், கொழுந்தனே ஏணியில் இரண்டு படி ஏறி, மெஷின் கழுத்தில் இருந்த வளையத்தைத் திருப்பினான்.

"ஸ்க்ரூ படத்துல வச்சிருக்கீங்க மச்சான். சுத்தியல் படத்துக்கு வரணும்."

அடுத்த நிமிடம் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. பிறகு நீலம். அதுவும் அப்படியே இறங்கியது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள், மூக்குத் துவாரம் மாதிரி. பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவர் எட்டிப் பார்த்து, "இந்த ஜன்னலுக்கு ஏற்கெனவே கம்பி இருக்கே?" என்றார்.

அவளும் ஏறி இரண்டையும் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தாள். இறங்கி, யோசிக்க இடம் வேண்டும் என்பதற்காகவே சமையலறைக்குப் போய்க் காபி போட்டாள்.

தண்ணீர் குடிக்கும் சாக்கில் அண்ணன் பின்னாலேயே வந்தார். குரலைத் தாழ்த்தினார். "மாப்ளயோடதயே வாங்கிக்கம்மா. எங்களோடது கனம். தூக்கும்போது உன் கை நடுங்கினதப் பாத்தேன். அவன் முன்னாடி சொல்ல வாய் வரல."

அவர் போனதும் டம்ளர் எடுக்கக் கொழுந்தன் வந்தான். "அண்ணி, மச்சானோடதயே வாங்குங்க. எங்க கம்பெனி பேட்டரி மாடலையே மாத்தப் போகுது. புதுசு இந்த மெஷினுக்குச் சேராது. மச்சானுக்குத் தெரிஞ்சா தெரு முழுக்கச் சொல்லிச் சிரிப்பாரு."

காபி பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் திருதிருவென்று விழித்தபடி நின்றாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டமாதிரி இருந்தது. இவ்வளவு நேரம் தன்னுடையதே உசத்தி என்று தொண்டை வற்றக் கத்தியவர்கள், இப்போது ஆளுக்காள் எதிர்க்கடைக்கு ஆள் பிடிக்கிறார்களே! அழுவதா சிரிப்பதா?

ஹாலுக்கு வந்து, இருவர் சொன்னதையும் அப்படியே போட்டு உடைத்தாள்.

அண்ணன் காது சிவந்தது. கொழுந்தன் தரையைப் பார்த்தான். பிறகு சண்டை தலைகீழாக ஆரம்பித்தது.

"கனம்னா என்ன மச்சான், பழகிடும். பேட்டரி கிடைக்கலன்னா மெஷினே வேஸ்ட்."

"பேட்டரிய இப்பவே கூட வாங்கி வச்சுக்கலாம்டா. தோள வாங்க முடியுமா?"

அவள் தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "நீலம்" என்றாள்.

திங்கட்கிழமை காலை அவள் எதிர்க்கடைக்குப் போனபோது அண்ணனும் கூடவே தெருவைக் கடந்து வந்தார். கொழுந்தனின் முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். அண்ணன் அசரவில்லை. "என் தங்கச்சிக்குங்க. இன்னொரு பேட்டரியும் சேத்துக் குடுங்க" என்று கவுண்டரில் கையை ஊன்றி நின்றார், கிடைத்த பிறகுதான் நகர்ந்தார்.

அன்று மத்தியானம் பாதியில் நின்ற ஜன்னல் முடிந்தது. கம்பி நேராக உட்கார்ந்தது. கை வலிக்கவில்லை. ஏணியை மடக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"நானும் ஒண்ணு வாங்கணும். பதினெட்டு வோல்ட் நல்லதா, இருபதா?"

அவள் வாயைத் திறந்தாள். நேற்று கேட்டதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து குழம்பியது.

"ரெண்டும் ஒண்ணுதாங்க" என்றாள். பிறகு சந்தேகமாக, "ஒரு வகையில" என்று சேர்த்துக்கொண்டாள்.