கவிழ்ந்த படகு டின்

எங்கள் ஊர்க் கம்பெனியின் மீன் டின்னைக் கடையில் ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். திறக்கும் வளையம் மேலே இருக்கும்படி வைத்தால், லேபிளில் உள்ள படகு தலைகீழாகத் தெரியும். கடலை நம்பிப் பிழைக்கிறவன் எவனாவது கவிழ்ந்த படகைப் படமாகப் போடுவானா? எங்கள் கம்பெனி போட்டது. போட்டதோடு நிற்காமல் அதற்கொரு கதையும் கட்டியது. கம்பெனியைத் தொடங்கிய பெரியவர் ஒருநாள் தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து யோசித்தாராம். எல்லா டின்னும் ஒரே மாதிரி நின்றால் நம்முடையதை யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்று படகைக் கவிழ்த்துப் போட்டாராம். ‘கவிழ்ந்தாலும் மிதப்போம்’ என்று காலண்டரில் வேறு அச்சடித்திருக்கிறார்கள்.

அந்தக் கம்பெனியின் பொன்விழா மலரை எழுத என்னைக் கூப்பிட்டார்கள். நான் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைப்பவள். பெரியவரின் மகன்தான் இப்போது முதலாளி. கம்பெனி எங்கே, எப்படித் தொடங்கியது என்று வேரிலிருந்து தேடி எழுதச் சொன்னார். தேட நான் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. அது தொடங்கியது எங்கள் வீட்டுக் கொட்டகையில். அதை மலரில் ஏற்றிவிட வேண்டும் என்றுதான் அந்த வேலையையே ஒப்புக்கொண்டேன்.

துறைமுகத்துக்குப் பின்னால், ஐஸ் உடைக்கும் இடத்தை ஒட்டி இருந்தது அந்தக் கொட்டகை. விலைபோகாமல் மிஞ்சும் மத்தியை வேகவைத்து, தகர டின்னில் அடுக்கி, எண்ணெய் ஊற்றி, மூடியை ஈயத்தால் பற்றவைத்து, மறுபடி கொதிநீரில் போட்டு எடுத்தவள் என் அம்மா. கூட அவள் தங்கை, அதாவது என் சித்தி, அப்புறம் எங்கள் தெருப் பெண்கள். கையால் வைத்த ஈயம் எங்காவது ஊசிக்கண் அளவுக்கு வாய் விட்டிருக்கும். அதனால் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டு, டின்களைப் பழைய செய்தித்தாளின் மேல் கவிழ்த்து, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிடுவார்கள். காலையில் தாளில் எண்ணெய் வட்டம் விழுந்திருந்தால் அந்த டின் திரும்பப் பற்றவைக்கப் போகும். பெரியவர் அப்போது வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். டின்களைக் கடைகளுக்குக் கொண்டுபோனவர் அவர்தான். அதை நான் மறைக்கவில்லை.

முதன்முதலாக லேபிள் அச்சடித்து வந்த அன்று, ஒட்டும் வேலை சித்தி தலையில் விழுந்தது. சித்திக்குப் பொறுமை என்றால் என்ன விலை என்று தெரியாது. விடிந்ததும் பசையோடு உட்கார்ந்தாள். டின்கள் கவிழ்ந்து நின்றன. ஒவ்வொன்றாய் நிமிர்த்தி வைத்து ஒட்ட யாரால் முடியும்? நின்ற வாக்கில் ஒட்டித் தள்ளிவிட்டாள். அம்மா வந்து ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். தெருவே வேடிக்கை பார்க்கும்படி சித்தியைக் கிழி கிழியென்று கிழித்தாள். சித்தி பசைக் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போனவள்தான், ரொம்ப நாள் அம்மா முகத்திலேயே விழிக்கவில்லை. வேன் காத்திருந்ததால் டின்கள் அப்படியே போயின. அடுத்த முறை கடைக்காரர்களே அந்தக் கவிழ்ந்த படகு டின்தான் வேண்டும் என்று கேட்டுவிட்டார்கள்.

பிறகு பெரியவர் கடன் வாங்கி மூடி போடும் மெஷின் இறக்கினார். கட்டடமும் உரிமமும் அவர் பெயரில் வந்தன. கொட்டகையில் வேலை பார்த்த பெண்கள் அங்கே கூலிக்குப் போனார்கள், அம்மாவும் சித்தியும் உட்பட. மெஷின் மூடிய டின் ஒழுகாது என்பதால் அங்கே யாரும் டின்னைக் கவிழ்த்து வைக்கவில்லை. லேபிள் மட்டும் தலைகீழாகவே நின்றுவிட்டது.

இதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். முதலாளி சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்துத் திருப்பி அனுப்பினார். நேரில் போய்க் கேட்டேன். மனுஷர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

“முதல் நாள்ல இருந்தே எங்க கம்பெனில மெஷின்தாங்க. கொட்டகையில நடந்துச்சுங்கிறதுக்கு ஆதாரம் என்ன இருக்கு? ஒரு ரசீது, ஒரு போட்டோ, ஏதாவது காட்டுங்க, போட்டுடலாம்” என்றார்.

என்னிடம் ஒன்றும் இல்லை. மீன் செதில் ஒட்டிய கையோடு நிற்கிறவர்களை யார் போட்டோ எடுத்தார்கள்? போனால் போகிறதென்று, அக்கம்பக்கத்துப் பெண்கள் உதவினார்கள் என ஒரு வரி வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். விழாப் படங்களும் சேர்ந்ததும் மலர் அச்சுக்குப் போகும், அதற்குள் திருத்திக் கொடுங்கள் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் நிதானமாகத்தான் பேசினாள்.

“கம்பெனிய எடுத்துக்கிட்டாங்க, போகட்டும். மெஷின் வாங்க நமக்குத் துப்பில்ல. உன் சித்தி செஞ்ச தப்பையுமா எடுத்துக்குவாங்க? அந்தத் தப்புக்கு அவ என்கிட்ட எவ்வளவு வாங்கிக் கட்டிக்கிட்டான்னு உனக்குத் தெரியுமாடி?”

பழைய தொழிலாளிகள் என்று விழாவுக்கு அழைப்பு வந்திருந்தது. போகக் கூடாது என்றேன் நான். முன்வரிசையில் உட்கார்ந்து அவன் என்ன சொல்கிறான் என்று கேட்டே தீருவேன் என்றாள் அம்மா.

கம்பெனிச் சாப்பாட்டுக் கூடத்தில் விழா. மேசைகளில் வெள்ளைத் தாள் விரித்திருந்தார்கள். முன்மேசையில் அம்மா, சித்தி, எங்கள் தெருப் பெண்கள். பின்மேசைகளில் இப்போது வேலை பார்க்கிற இளவட்டங்கள். எல்லோருக்கும் தங்க நிற லேபிள் ஒட்டிய ஒரு டின் பரிசு. மேடையில் முதலாளி, தன் அப்பா சமையலறையில் உட்கார்ந்து யோசித்த கதையைத் தொடங்கினார்.

சித்தி தன் டின்னை எடுத்தாள். பேச்சைக் கேட்டபடியே விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினாள். கவிழ்த்துத் தாளின் மேல் வைத்தாள். பக்கத்தில் இருந்தவளும் தடவினாள், கவிழ்த்தாள். அம்மாவும் அப்படியே. முன்மேசை முழுக்க அதே கதை. ஒருத்தியும் ஒருத்தியைப் பார்க்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நான் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் கைகளுக்கு வேறு மாதிரி வைக்கத் தெரியாது. பின்மேசைகளில் எல்லாப் படகும் கவிழ்ந்து கிடந்தது. முன்மேசையில் மட்டும் அத்தனை படகும் நிமிர்ந்து நின்றது.

முதலாளி பேச்சை நிறுத்தினார். டின்னை ஏன் திருப்பி வைத்திருக்கிறீர்கள் என்று மைக்கிலேயே கேட்டார்.

“ஒழுகுதான்னு பாக்கணும்ல தம்பி” என்றாள் சித்தி, இதென்ன கேள்வி என்பது போல.

மெஷின் போட்ட மூடி ஒழுகாது என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். சொன்ன பிறகுதான் சிரிப்பு நின்றது. மெஷினில் வேலை பழகிய கை எதற்கு டின்னைக் கவிழ்க்கும்? பரிமாற வந்த பெண் ஒருத்தி டின்னை நிமிர்த்தி வைக்கப் பார்த்தாள். அம்மா அதன் மேல் கையை வைத்தாள்.

“தொடாத. காலையிலதான் எடுப்போம்.”

போட்டோக்காரர் யாரும் சொல்லாமலே படம் எடுத்தார். முதலாளி மேடையிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். மலரில் என்ன எழுதப் போகிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

“முன்ன எழுதுனதுதான், ஒரு வரி குறைக்க மாட்டேன். நீங்க ஆதாரம்தானே கேட்டீங்க? மேசையில இருக்கு, பாருங்க” என்றேன்.

அவர் பார்த்தார். அதற்குள் சித்தி தன் டின்னின் லேபிளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“யாரு ஒட்டினது இத? பசையே பத்தல” என்றாள்.