சூடாகும் தலை

அவளுடைய கணவருக்குக் கட்டட வரைபடம் போடுவது தொழில். கோபம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற மனிதர். சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டாலும் சரி, ராப்பகலாக அவர் வரைந்த படத்துக்கு முதலாளி தன் பெயரைப் போட்டுக்கொண்டாலும் சரி, "ம்" என்பார். பன்னிரண்டு வருடமாக அந்த "ம்"மோடு குடித்தனம் நடத்திய அவள், "உங்களுக்குச் சூடு சொரணையே கிடையாதா?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிருந்தாள்.

அன்றைக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தே ஆகவேண்டியிருந்தது. அவள் குடிநீர் சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். தொலைதூர ஊர் ஒன்றின் கூடத்துக்கு அவளைத் தலைமைப் பொறுப்பில் போட்டிருந்தார்கள். போகிறாளா இல்லையா என்று மாலை நான்கு மணிக்குள் எழுதி அனுப்ப வேண்டும். "நான் போகட்டுமா?" என்று வீட்டுக்காரரிடம் மூன்று தடவை கேட்டாயிற்று. மூன்று தடவையும் "உன் இஷ்டம்" என்றார். பெண்டாட்டி கிளம்புகிறாள் என்றால் போகாதே என்றாவது, எக்கேடோ கெட்டுப் போ என்றாவது சொல்ல வேண்டாமா? கிணற்றுக்குள் கத்தியிருந்தால் எதிரொலியாவது வந்திருக்கும்.

இந்த லட்சணத்தில் அவருடைய கம்ப்யூட்டர் வேறு சூடேறிச் சூடேறி அணைந்துகொண்டிருந்தது. சூட்டுக்குத் தக்கபடி உள்விசிறியைச் சுற்றவைக்கும் கருவி ஒன்றை வாங்கியிருந்தார். முகப்பில் செருகும் ஒரு சின்னப் பெட்டி, சூட்டைக் காட்டும் எண், சூட்டை உணர ஒரு மெல்லிய கம்பி, அவ்வளவுதான். மாட்டித்தர அவளுடைய அண்ணன் வந்தார். அண்ணன் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். அச்சில் இருப்பதற்கு மேல் ஒரு சட்டம் உண்டென்று அவர் ஒப்புக்கொண்டதே இல்லை.

கருவியோடு வந்த துண்டுத்தாளில் தமிழும் இருந்தது. யார் மொழிபெயர்த்த புண்ணியமோ, "கம்பியின் நுனியைச் சூடாகும் தலையின் மேல் ஒட்டவும்" என்று போட்டிருந்தது.

"பிராசஸர் மேல இருக்கிற உலோகத்தைச் சொல்றாங்க போல" என்றாள் அவள்.

"உலோகம்னா உலோகம்னு போட்டிருப்பான். தலைன்னு போட்டிருக்கான்" என்றார் அண்ணன். "இந்த வீட்டுல கம்ப்யூட்டருக்குத் தலையக் கொடுத்துட்டு உக்காந்திருக்கிறது ஒருத்தர்தான். மாப்ள, நெத்தியக் காட்டுங்க."

"ம்" என்று கணவர் காட்டினார். அண்ணன் நுனியை டேப் போட்டு ஒட்டினார்.

எண் முப்பத்தொன்று என்றது. விசிறி அசையவில்லை. பத்தே நிமிடத்தில் கம்ப்யூட்டர் கொதித்து அணைந்தது.

"கருவி மேல தப்பில்ல. மாப்ளைக்குச் சூடு பத்தல" என்று தீர்ப்புச் சொன்ன அண்ணன், அவரைச் சூடேற்றும் வேலையில் இறங்கினார். மாப்பிள்ளை போட்ட படிக்கட்டில் ஏறினால் முழங்கால் இடிக்கிறது என்றார். முதலாளி வீட்டு நாய்க்கு அவரைவிட மரியாதை என்றார். கடைசியில் அவருடைய செருப்பை எடுத்து ஜன்னல் வழியாகத் தெருவில் போட்டார். கணவர் எட்டிப் பார்த்து, "ஒண்ணு சாக்கடைல விழுந்துடுச்சு மச்சான்" என்று தகவல் சொன்னார். முப்பத்தொன்று முப்பத்தொன்றாகவே நின்றது. கம்ப்யூட்டர் இன்னும் இரண்டு தடவை அணைந்தது.

மணி மூன்றரை. அவளுக்கு அழுகை வந்தது. அழுகையைவிட எரிச்சல் அதிகமாக வந்தது. "எனக்குப் பதில் கெடைச்சாச்சு. போறேன்னு எழுதப்போறேன். நாளைக்குக் காலைல பஸ்" என்றாள்.

"பத்திரமா போயிட்டு வா" என்றார் கணவர். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கை பாட்டுக்குச் சுவர்க்கோட்டை இழுத்துக்கொண்டிருந்தது.

விசிறி ஒரு முக்கு முக்கிவிட்டுச் சுற்றத் தொடங்கியது. எண் நாற்பதைத் தாண்டியது. நாற்பத்தெட்டு. ஐம்பத்தைந்து. மேசைமேல் இருந்த காகிதமெல்லாம் பறந்தது. எழுபத்திரண்டில் ஜன்னல் கதவு படபடவென்று அடித்துக்கொண்டது.

"மனுஷ ஒடம்பு இவ்வளவு ஏறாதே" என்று அண்ணன் துண்டுத்தாளைப் புரட்டினார்.

அவள் எண்ணைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். அதே முகம். இத்தனை வருடமும் இதைப் பார்த்துத்தான் உள்ளே ஒன்றுமில்லை என்று முடிவுகட்டியிருக்கிறாள். ஆபீசில் தண்ணீரைக் கண்ணால் பார்த்துவிட்டு நல்ல தண்ணீர் என்று ஒரு நாளாவது எழுதிக்கொடுத்திருப்பாளா? அவளுக்கு வெட்கமாக இருந்தது.

இரைச்சலில் அவர் காதருகே குனிந்து கத்த வேண்டியிருந்தது. "வாயத் தொறந்து சொல்லுங்க. பொட்டி சொன்னா நான் எடுத்துக்க மாட்டேன்."

அவர் கை நின்றது. "படம் எந்த ஊர்லேர்ந்தும் வரையலாம்" என்றார், திரையைப் பார்த்தபடியே. "நானும் வரட்டுமான்னு கேக்க ஒரு மாதிரி இருந்துச்சு. நீ கூப்பிடவே இல்லையே."

போகட்டுமா என்று மூன்று தடவை கேட்டவள், வருகிறீர்களா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

"வரீங்களா?" என்றாள்.

"வரேன்."

எண் மளமளவென்று இறங்கியது. விசிறி நின்றது. அந்த அமைதியில் கம்ப்யூட்டர் மறுபடி கொதித்து, வரைந்த படத்தையும் விழுங்கிக்கொண்டு அணைந்தது. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். அவர்கள் இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.