மாலை போட்ட சிலிண்டர்

தொண்ணூற்று நான்கில், மைசூரில் நஞ்சன்கூடு சாலையில் இருந்த ஓர் அட்டைப்பெட்டி ஆலைக்கு வெங்கடராமன் பாதுகாப்பு அதிகாரியாக வந்தார். ரயில்வே குடும்பத்துப் பிள்ளை. கன்னடத்தில் வகுப்பு எடுத்துவிட்டு, எல்லையோரக் கோபிநத்தத்திலிருந்து வந்த தமிழர்களுக்காக அதையே தமிழில் இன்னொரு முறை எடுக்கும் பொறுமை அவருக்கு இருந்தது. தீயணைக்கும் சிலிண்டரைத் தூக்கிக் காட்டினார்.

"ஸ்பேனர் மாதிரி இதுவும் உங்க ஆயுதம்தான். நெருப்புன்னா சுவத்துக்கு ஓடணும், இதை எடுக்கணும், ஊசியை இழுத்துப் பிடியை அமுக்கணும். அவ்வளவுதான்."

இந்த மாதிரி வகுப்புகளில் சொன்னதை மதியச் சாப்பாட்டுக்குள் மறந்துவிடுவது வழக்கம். கெட்ட நேரம், இதை யாரும் மறக்கவில்லை.

அட்டை ஒட்டும் மிஷினை ஓட்டிய சென்னப்பனுக்கு 'ஆயுதம்' மனதில் நின்றுவிட்டது. ஆயுத பூஜையன்று சிலிண்டர்களையெல்லாம் சுவரிலிருந்து இறக்கித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை கட்டி, ஸ்பேனர்களோடு சாமி படத்தின் முன்னால் நிறுத்தினான். அந்தப் பக்கம் வந்த வெங்கடராமன் பூஜை முடிந்ததும் மாட்டிவிடச் சொன்னார்.

"பூஜைல வெச்சத நாளைக்குக் காலைலதானுங்க சார் தொடோணும்," என்றான் சென்னப்பன்.

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். சட்டம் தெரிந்த மனிதர். ஊரே தசரா கொண்டாடும்போது நமக்கு எதற்குப் பொல்லாப்பு, ஒரு நாள்தானே என்று வாயை மூடிக்கொண்டார்.

கற்பூரத் தட்டு வந்தது. பெட்டி மடிக்கும் பாப்பம்மாள், சென்னப்பனின் மனைவி, ஒற்றிக்கொள்ளக் குனிந்தாள். நைலக்ஸ் புடவையின் முந்தானை தட்டில் விழுந்து பற்றிக்கொண்டது.

எல்லோரும் சொல்லிக்கொடுத்தபடியே சுவரைப் பார்த்து ஓடினார்கள். அங்கே வெறும் கொக்கிகள் இருந்தன. திரும்பி வந்தார்கள். சிலிண்டர்கள் மாலையும் கழுத்துமாகக் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க, ஒருவரும் தொடவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட வெங்கடராமன், "எடுங்க, எடுங்க" என்று கத்தினார்.

சென்னப்பன்தான் எடுத்தான். எடுப்பதற்கு முன் சிலிண்டரைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டு கைகூப்பினான். மாலையை அறுக்க மனம் வராமல் முடிச்சை அவிழ்த்தான். அதற்கப்புறம் ஊசியை இழுத்து அமுக்கினான். வெள்ளைத் தூள் பாப்பம்மாள் மேலும் சாமி மேலும் கொட்டியது. நெருப்பு அணைந்தது.

அவள் பிழைத்துக்கொண்டாள். இடது கை மட்டும் முழங்கை வரை வெந்து, விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. மடிக்கும் வேலை போய், பெருக்கும் வேலை கொடுத்தார்கள்.

மறு வருஷ வகுப்பில் வெங்கடராமன் கேட்டார்.

"நெருப்புன்னா மொதல்ல என்ன செய்யணும்?"

 பாப்பம்மாள் எழுந்தாள்.

"சார் சொல்லிக் குடுத்ததெல்லாம் சரிதானுங்க. எடுக்கறப்பக் கும்பிட வேண்டாம்னு அதையும் ஒண்ணு சேத்துச் சொல்லிப் போடுங்க," என்றாள். "எனக்கு இனி ரெண்டு கையும் சேராதுங்க. அணைச்சதுக்கப்புறம் என் பங்குக்கும் சேத்து எங்கூட்டுக்காரரே கும்பிட்டுக்கட்டும்."

சென்னப்பன் அதற்குப் பிறகு தலையை நிமிர்த்தவில்லை.